தூண் எங்கடா? பழைய சேப்பாக்கம் ஏன் இன்னும் ஞாபகத்துல இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் சித்தப்பா.

2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. சேப்பாக்கத்துல இந்தியா - வங்கதேசம் டெஸ்ட், முதல் நாள். நான் ஆபீஸ்ல லீவு போட்டேன். சித்தப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலை கிளாம்பாக்கத்துல இறங்கினார். சித்தி கட்டிக் கொடுத்த புளிசாதம் பையில இருந்தது. "உள்ள வெளிச் சாப்பாடு விட மாட்டாங்க சித்தப்பா"ன்னு சொல்லி அதை என் ரூம்லயே வைக்கச் சொன்னேன். அங்கயே அவர் முகம் கொஞ்சம் மாறிடுச்சு.

கேட்ல போன்ல இருந்த டிக்கெட்டைக் காட்டி உள்ள போய் உட்கார்ந்தோம். கலர் கலரா சீட், மேல வெள்ளைக் கூரை, எந்தப் பக்கம் பார்த்தாலும் மைதானம் முழுசா தெரியுது. சித்தப்பா அஞ்சு நிமிஷம் சுத்திச் சுத்திப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "தூண் எங்கடா?"

எனக்குப் புரியலை. "எந்தத் தூண் சித்தப்பா?"

"என் தூண்டா."

இந்த எபிசோடு அந்தத் தூணைப் பத்தித்தான். ஒரு பழைய ஸ்டேடியத்தை இடிச்சு, எல்லா விதத்திலயும் நல்லதா ஒண்ணு கட்டின பிறகும், அங்க போய் மேட்ச் பார்த்தவங்க பழசையே ஏன் பேசிட்டு இருக்காங்க? அது வெறும் 'அந்தக் காலத்துல' புலம்பலா, இல்லை அதுக்குள்ள ஒரு காரணம் இருக்கா?

தூணுக்குப் பின்னாடி என்ன நடந்தது?

பழைய சேப்பாக்கத்தைப் பார்க்காதவங்களுக்கு முதல்ல ஒரு படம் கொடுத்துடறேன். கான்கிரீட் கேலரி. அதுக்கு மேல கூரை, கூரையைத் தாங்க வரிசையா தூண்கள். அந்தத் தூண்கள் பார்வையாளருக்கும் மைதானத்துக்கும் நடுவுல நிக்கும். உங்க இடம் தூணுக்கு நேர் பின்னாடி அமைஞ்சா, மைதானத்துல ஒரு கீத்து உங்களுக்குத் தெரியாது. பவுலர் ஓடி வருவார், தூணுக்குள்ள போவார், அந்தப் பக்கம் வெளியே வருவார்.

1999 ஜனவரியில சித்தப்பா திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல தங்கி வேலை தேடிட்டு இருந்தார். நம்ம ஊர்ப் பக்கத்துலயிருந்து படிச்சு முடிச்ச பசங்களுக்கு அப்போ சென்னைன்னாலே திருவல்லிக்கேணி மேன்ஷன்தான். அங்கிருந்து சேப்பாக்கம் நடக்கிற தூரம். அப்பா ஊர்ல கரும்பு போட்டிருந்தார். ஜனவரி கரும்பு வெட்டு நேரம். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் எப்போ வரும்னு தெரியாது. ஆனாலும் தம்பி ரெண்டு டிக்கெட் வாங்கிட்டான்னு தெரிஞ்சதும் கிளம்பிட்டார். கள்ளக்குறிச்சி டவுனுக்கு ரயில் கிடையாது. உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம்னு சுமார் 250 கிலோமீட்டர் பஸ். கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் 2002-லதான் வந்தது, அதனால அப்போ பாரிமுனை வரைக்கும் பஸ்லயே வரலாம்.

வாங்கின ரெண்டு இடத்துல ஒண்ணு தூணுக்குப் பின்னாடி. அண்ணனும் தம்பியும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. ஒவ்வொரு டிரிங்ஸ் பிரேக்குக்கும், லஞ்சுக்கும், டீக்கும் இடம் மாத்திக்கணும்.

அந்த மேட்ச் சாதாரண மேட்ச் இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்பது வருஷமா டெஸ்ட் ஆடலை. டெல்லியில எதிர்ப்புக் காட்டினவங்க பிட்ச்சையே தோண்டிப் போட்டதால முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறி வந்தது. பாகிஸ்தான் 238, இந்தியா 254. ரெண்டாவது இன்னிங்ஸ்ல அஃப்ரிடி 141 அடிச்சார். வெங்கடேஷ் பிரசாத் 33 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இந்தியாவுக்கு இலக்கு 271.

ஜனவரி 31, ஞாயிறு, நாலாவது நாள். இந்தியா 82 ரன்னுக்கு 5 விக்கெட். அப்புறம் சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன். முதுகு வலியோட சச்சின் 136 வரைக்கும் போனார். 17 ரன் பாக்கி, கையில இன்னும் விக்கெட் இருந்தது. சக்லைன் முஷ்டாக் பந்தை சச்சின் தூக்கி அடிச்சார்.

அப்போ தூண் சீட் சித்தப்பா பங்கு.

"பந்து மேல போனது வரைக்கும் பார்த்தேன். அப்புறம் தூணுக்குள்ள போயிடுச்சு. நான் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அதுலயே தெரிஞ்சுபோச்சு"ன்னு சொல்வார்.

கேட்ச் பிடிச்சவர் பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம். அதுக்கப்புறம் நாலே ரன்ல மிச்ச விக்கெட்டும் விழுந்து, இந்தியா 258 ஆல் அவுட். 12 ரன்ல தோல்வி. கொஞ்ச நேரம் மைதானமே பேச்சு மூச்சில்லாம இருந்தது. அப்புறம் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டுச்சு. அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தாங்க. கிரிக்கெட் உலகம் சேப்பாக்கத்தைப் பத்திப் பேசும்போது இன்னிக்கும் முதல்ல சொல்றது இந்தக் காட்சியைத்தான்.

ஸ்கோர்கார்டும் சித்தப்பாவும்

நான் இன்ஜினியர். கதை கேட்டா டேட்டாவைச் செக் பண்ணாம இருக்க முடியாது. சித்தப்பா சொன்னதை ஸ்கோர்கார்டோட ஒப்பிட்டுப் பார்த்தேன். "பொங்கலன்னிக்கு மேட்ச்"னார். இல்லை, பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு. "பிரசாத் ஒரே ஓவர்ல அஞ்சு விக்கெட் எடுத்தான்"னார். கடைசி 5 விக்கெட்டை ஒரு ரன்கூட கொடுக்காம எடுத்தது உண்மை, ஒரே ஓவர்ல எல்லாம் கிடையாது. சச்சின் 140-க்கு மேல அடிச்சதாவும் சொன்னார்.

ஆனா அவர் எங்க உட்கார்ந்தார், எந்தப் பக்கம் வெயில் அடிச்சது, மத்தியானத்துக்கு மேல கடல் காத்து எந்தத் திசையிலிருந்து வந்தது, பக்கத்துல உட்கார்ந்திருந்த பெரியவர் ஃபீல்டிங் மாறுறதை வெச்சே அடுத்த பந்தை எப்படிச் சொன்னார், இதுல எதுலயும் தடுமாற்றமே இல்லை.

பொங்கல்னு அவர் தப்பாச் சொன்னதுக்கும் காரணம் இருக்கு. சென்னைக்கு ஜனவரி டெஸ்ட்னாலே 'பொங்கல் டெஸ்ட்'. 1967-ல வெஸ்ட் இண்டீஸ், 1975-ல விஸ்வநாத் ஆட்டமிழக்காம அடிச்ச 97, 1980-ல பாகிஸ்தான், 1982-ல விஸ்வநாத்தோட 222, 1988-ல ஹிர்வானியோட 16 விக்கெட், எல்லாமே பொங்கலை ஒட்டி. அப்போ ஊர்ல இருந்தவங்களுக்குச் சேப்பாக்கம் ஒரு சத்தம் மட்டும்தான். ஆல் இந்தியா ரேடியோவுல தமிழ் வர்ணனை, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரல். திண்ணையில ரேடியோ, எதிர்ல கல்வராயன் மலை. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த ரெண்டு பேர் முதல் தடவை உள்ள போறாங்க. அவங்க மனசுல அது பொங்கலாத்தான் பதியும்.

நினைவு எப்படி வேலை செய்யுதுங்கறதுக்கு இங்க ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்லணும். 1975-ல பிரிட்டன்ல கோடன், பேட்லின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் முக்குளிக்கிறவங்களுக்குச் சில வார்த்தைகளைக் கேட்கக் கொடுத்தாங்க. கொஞ்சம் கரையில, கொஞ்சம் தண்ணிக்கு அடியில. தண்ணிக்குள்ள கேட்ட வார்த்தைகள் தண்ணிக்குள்ளயே நல்லா ஞாபகம் வந்தது, கரையில கேட்டது கரையில. 2021-ல இதே மாதிரி திரும்பச் செஞ்சு பார்த்தப்ப அந்த முடிவு வரலை, அதையும் சொல்லிடணும். ஆனா ஒரு இடம், ஒரு வாசனை, ஒரு பாட்டு பழசை இழுத்துட்டு வரும்கறது நம்ம எல்லாருக்கும் அனுபவத்துல தெரியும்.

நம்ம பாஷையில சொன்னா, தூண் ஒரு இண்டெக்ஸ். டேட்டா சித்தப்பா மண்டைக்குள்ள பத்திரமா இருக்கு. ஆனா அன்னிக்கு மைதானத்துக்குள்ள வந்ததும் அவர் முதல்ல தேடினது அந்த இண்டெக்ஸைத்தான். அதைத்தான் இடிச்சுட்டாங்க.

அந்தக் கூட்டம் எப்படி அந்தக் கூட்டம் ஆச்சு?

'சென்னை ரசிகர்களுக்குக் கிரிக்கெட் தெரியும்'னு எல்லா வர்ணனையாளரும் சொல்வாங்க. பிறக்கும்போதே தெரியுமா என்ன? நான் மூணு காரணம் வெச்சிருக்கேன்.

முதல் காரணம், சீசன் டிக்கெட். அப்போ டெஸ்டுக்கு அஞ்சு நாளைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கறதுதான் வழக்கம். பக்கத்துல யாரோ அவங்களேதான் அஞ்சு நாளும். முதல் நாள் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்'. மூணாம் நாள் அவர் டப்பாவுல நம்ம கை இருக்கும். விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு வரிசைக்கே வாத்தியார் ஆயிடுவார்.

ரெண்டாவது, லீக். சென்னையில டிவிஷன் டிவிஷனா கிளப் கிரிக்கெட் ரொம்ப காலமா நடக்குது. ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி கம்பெனி டீம்கள் ஆடின லீக் அது. கேலரியில உட்கார்ந்திருந்தவங்கள்ல பல பேர் வார இறுதியில எங்கயாவது ஒரு மைதானத்துல ஆஃப் ஸ்பின் போட்டவங்க. சக்லைன் என்ன பண்றார்னு பார்த்துச் சொல்ல அவங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூணாவது, தூணேதான். சிரிக்காதீங்க. ஒரு பகுதி தெரியாதவன் பக்கத்துல இருக்கறவனைக் கேட்டே ஆகணும். 'என்ன சார் ஆச்சு? ஸ்லிப்லயா?' கையில போன் இல்லை. ஒருத்தன் பார்த்ததை இன்னொருத்தன் வாயால கேட்டுத்தான் மேட்ச் முழுசாகும். வசதிக் குறைச்சல் ஆளையும் ஆளையும் பேச வெச்சது.

இப்படிப் பழகின கூட்டம்தான் 1997 மே 21 அன்னிக்கு சயீத் அன்வர் 194 அடிச்சு, விவ் ரிச்சர்ட்ஸோட 189-ஐத் தாண்டினப்ப கை தட்டுச்சு. அந்த மேட்ச்லயும் இந்தியா தோத்தது, டிராவிட் தன்னோட முதல் ஒருநாள் சதம் அடிச்சும். அதனால 1999-ல நடந்தது திடீர்னு வந்த பெருந்தன்மை இல்லை. அது ரொம்ப நாள் பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு வயசும் அதிகம். 1934 நவம்பர் 4-ல முதல் ரஞ்சி மேட்ச் இங்கதான், மெட்ராஸும் மைசூரும், ஒரே நாள்ல முடிஞ்சது. 1952 பிப்ரவரி 10-ல இந்தியா தன்னோட முதல் டெஸ்ட் வெற்றியை இங்கதான் பார்த்தது. வினு மன்கட் 12 விக்கெட், இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி. 1986 செப்டம்பர்ல ஆஸ்திரேலியாவோட 'டை' ஆன டெஸ்ட். டீன் ஜோன்ஸ் வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டெஸ்ட் வரலாற்றுல இன்னிக்கு வரைக்கும் ரெண்டே டை. ஒண்ணு 1960-ல பிரிஸ்பேன், இன்னொண்ணு சேப்பாக்கம்.

சித்தி சொன்னது

இதையெல்லாம் நான் வீட்டுல உருகி உருகிச் சொன்னப்ப, சித்தி ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்தக் கேலரியில பொம்பளைங்க எத்தனை பேர் இருந்தாங்கன்னு உங்க சித்தப்பாவைக் கேளு."

கேட்டேன். சித்தப்பா யோசிச்சார். "ரொம்ப இல்லை"ன்னார்.

"அஞ்சு நாள் வேலைவெட்டியை விட்டுட்டு போய் உட்கார யாரால முடியும்? கட்டுசோறு கட்டினது யாரு? எனக்கும் அந்த ரேடியோ பிடிக்கும்பா. நான் சேப்பாக்கத்தை இன்னிக்கு வரைக்கும் கண்ணால பார்த்ததில்லை."

பதில் சொல்ல முடியலை. பழைய மைதானத்தோட நினைவுகள் அங்க போக முடிஞ்சவங்களோட நினைவுகள். வெயில் கொதிக்கிற கான்கிரீட், கழிப்பறைக்கு நீளமான வரிசை, தள்ளுமுள்ளு, இதையெல்லாம் சித்தப்பா சிரிச்சுக்கிட்டே சொல்வார். அதே காரணங்களாலதான் பல பேர் உள்ள வரவே இல்லை. புது சேப்பாக்கத்துல ஐபிஎல் பார்க்க குடும்பம் குடும்பமா மஞ்சள் சட்டை போட்டு விசில் அடிச்சுட்டு வர்றாங்களே, அது இழப்பு இல்லை. அது ஒரு திறப்பு.

இடிச்சுக் கட்டின கதை

2011 உலகக் கோப்பைக்காக 2009-லிருந்து சேப்பாக்கத்தை இடிச்சுக் கட்ட ஆரம்பிச்சாங்க. லண்டன் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னைக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து போட்ட வடிவமைப்பு. பார்வையை மறைக்கிற தூணே இருக்கக் கூடாது, அதனால கூரையைக் கேபிள்ல இழுத்துக் கட்டின துணி மாதிரிப் பொருள்ல போட்டாங்க. கேலரிகளுக்கு நடுவுல இடைவெளி விட்டு, பழைய ஸ்டேடியம் மறைச்சிருந்த கடல் காத்தை உள்ள வர விட்டாங்க. கூரை நிழல் தரும், காத்து வரும், எல்லா சீட்லயிருந்தும் பிட்ச் தெரியும். இன்ஜினியரா பார்த்தா எனக்கு ஒரு குறையும் தெரியலை.

ஆனா புதுசுக்கும் ஒரு சோதனைக் காலம் வந்தது. ஐ, ஜே, கே மூணு கேலரிக்கும் கட்டட அனுமதிச் சிக்கல். பல வருஷம் அவை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. 2019 ஐபிஎல் ஃபைனல் சென்னையில நடக்காம ஹைதராபாத் போனதுக்கு அந்தப் பூட்டுத்தான் காரணம். அப்புறம் சிக்கல் தீர்ந்து, 2023 மார்ச்ல கலைஞர் பேர்ல ஒரு புது ஸ்டாண்டும் திறந்தாங்க.

பழைய கேலரி பார்த்த கடைசி டெஸ்ட் 2008 டிசம்பர்ல நடந்தது. மும்பைத் தாக்குதல் நடந்து மூணு வாரம்கூட ஆகலை. திரும்பிப் போன இங்கிலாந்து டீம் மறுபடி வந்து ஆடினாங்க. இலக்கு 387. சேவாக் 68 பந்துல 83 அடிச்சுத் தொடங்கி வெச்சார். டிசம்பர் 15, அஞ்சாவது நாள், சச்சின் ஆட்டமிழக்காம 103, கூட யுவராஜ் 85. இந்தியா ஜெயிச்சது. 1999-ல 17 ரன் தூரத்துல விட்டதை, அதே மைதானத்துல, அதே ஆள், நாலாவது இன்னிங்ஸ்ல முடிச்சுக் கொடுத்தார்.

அப்பா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தார். எனக்கு அரையாண்டுப் பரீட்சை. "பரவாயில்லைடா, அடுத்த டெஸ்டுக்குப் போலாம்"னார். அடுத்த டெஸ்ட் 2013 பிப்ரவரியிலதான் வந்தது. அதுக்குள்ள தூண் இல்லை. அதனால நான் பழைய சேப்பாக்கத்தைப் பார்க்கவே இல்லை. இந்த எபிசோடு முழுக்க நான் பார்க்காத ஒரு இடத்தைப் பத்தித்தான் பேசிட்டு இருக்கேன்.

மறுபடி அந்த வியாழக்கிழமை

அப்பா இப்போ இல்லை. அதான் இந்த விஷயத்துல எனக்கு உறுத்துற இடம். 1999-ல அந்தக் கேட்ச்சை எங்க வீட்டுல பார்த்தது அப்பா ஒருத்தர்தான். சித்தப்பா பார்த்தது அப்பா முகத்தை. ரெண்டையும் சேர்த்தாத்தான் அந்த நாள் முழுசு. கேட்ச் யூடியூப்ல இருக்கு, நான் நிறைய தடவை பார்த்துட்டேன். கேமராவுக்குத் தூண் மறைக்காது. ஆனா அந்தக் கேட்ச்சை அப்பா வாயால ஒரு தடவைகூட நான் கேட்டு வெச்சுக்கலை. நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 19-க்கு வர்றேன். இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட். சித்தப்பா அதுவரைக்கும் தூணைத் தேடிட்டே இருந்தார். கடைசியில காத்து வர்ற திசையையும் வெயிலையும் வெச்சு ஒரு இடத்தைக் காட்டினார். "அங்கதான்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியலைடா."

அப்புறம் அஸ்வினும் ஜடேஜாவும் ஆட ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ப் பையன், சொந்த மைதானம். பக்கத்து சீட்ல ஒரு காலேஜ் பொண்ணு ஒவ்வொரு ஓவருக்கும் போன்ல ஏதோ பார்த்துட்டு இருந்தது. சித்தப்பா சும்மா இல்லாம, "அடுத்த பந்து ஷார்ட்டா போடுவான் பாரும்மா"ன்னார். அவர் சொன்ன மாதிரியே வந்தது. அந்தப் பொண்ணு போனை உள்ள வெச்சுட்டு, "எப்படி அங்கிள்?"னு கேட்டுச்சு. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தலை.

அஸ்வின் சதம் அடிச்சப்ப மொத்தக் கூட்டமும் எழுந்தது. நானும் எழுந்து கத்திட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா சித்தப்பா மைதானத்தைப் பார்க்கலை. என் முகத்தைப் பார்த்துட்டு இருந்தார்.

"என்ன சித்தப்பா?"

"ஒண்ணுமில்லை. மறைக்க எதுவும் இல்லை, ஆனாலும் பழக்கம்"னார்.

அவ்வளவுதான் இந்த வாரம். உங்க வீட்டுல யாராவது பழைய சேப்பாக்கத்துல, இல்லை உங்க ஊர் மைதானம் எதுலயாவது மேட்ச் பார்த்திருந்தா, இன்னிக்கே கேளுங்க. ஸ்கோர் கேட்காதீங்க, அது நெட்ல இருக்கு. எங்க உட்கார்ந்தாங்க, பக்கத்துல யாரு, என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டு, போன்லயே ரெக்கார்ட் பண்ணி வைங்க. எங்களுக்கும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.

அடுத்த சென்னை டெஸ்டுக்கு சித்தியைக் கூட்டிட்டுப் போறதா முடிவு பண்ணியிருக்கேன். அவங்க ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. அன்னிக்குப் புளிசாதம் அவங்க கட்ட மாட்டாங்களாம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.